கடலோர வீட்டு இரும்புக் கட்டிலுக்கு அடித்த ஸ்ப்ரே பெயின்ட் மூன்றே மாதத்தில் ஏன் உரிகிறது?

நாகப்பட்டினத்தில் கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக 1986-ல் வந்த இரும்புக் குழாய்க் கட்டில். தீபாவளிக்கு முந்தைய வாரம் அதைத் துடைத்து, ஹார்டுவேர் கடையில் வாங்கிய மூன்று கறுப்பு ஸ்ப்ரே கேன்களை அடித்திருக்கிறீர்கள். அன்றைக்குப் பார்க்கப் புதுக் கட்டில் மாதிரி இருந்தது என்கிறீர்கள். பொங்கல் வருவதற்குள் தலைமாட்டுக் குழாயில் பெயின்ட் தோல் தோலாக உரிகிறது. கால்மாட்டில் ஓரிடம் அடித்த அன்றே சுருங்கிப் போனது. கால்களில் கடுகு அளவுக்குக் கொப்புளங்கள். மிச்சப் பெயின்டை அடித்த பழைய கிணற்று வாளியிலோ நகம் பட்டாலே மொத்தமாகக் கழன்று வருகிறது. எந்த பிராண்ட் கேன் வாங்கினால் நிற்கும், இல்லை ஸ்ப்ரே கன் வைத்து அடிப்பவரைத்தான் கூப்பிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது அந்த இரும்பு ஏன் பெயின்டைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது. அது தெரிந்துவிட்டால் எந்தக் கேன் என்பது சின்ன விஷயமாகிவிடும்.

நான் ஸ்டீல் பீரோவும் கட்டிலும் செய்யும் பட்டறையில் 22 வருஷம் பெயின்டிங் பகுதியில் இருந்தவன். முதல் மூன்று வருஷம் உப்புத்தாள் தேய்ப்பது மட்டும்தான் வேலை, கன்னைக் கையில் கொடுக்கவே மாட்டார்கள். ஒரு பீரோவுக்கு மேல் கோட் அடிக்க இருபது நிமிஷம் போதும். அதைக் கழுவி, தேய்த்து, பட்டி போட்டு, மறுபடி தேய்த்துத் தயார் செய்ய ஒன்றரை நாள் ஆகும். நீங்கள் அந்த ஒன்றரை நாளை விட்டுவிட்டு இருபது நிமிஷ வேலையை மட்டும் செய்திருக்கிறீர்கள். அதனால் எந்தக் கேன் வாங்கியிருந்தாலும் இதே கதிதான். கன் வைத்து அடிப்பவரும் தேய்க்காமல் அடித்தால் இப்படித்தான் ஆகும். நான்கு இடத்தில் நான்கு விதமாகக் கெட்டிருப்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நான்குக்கும் காரணம் வேறு.

தலைமாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். நாற்பது வருஷமாக எண்ணெய் தேய்த்த தலைகள் சாய்ந்த குழாய் அது. தேங்காய் எண்ணெய் படிந்து, கண்ணுக்கே தெரியாத பிசுக்காகப் பழைய பெயின்டின் மேல் உட்கார்ந்திருக்கும். துணியால் துடைத்தால் போகாது, இன்னும் பரவத்தான் செய்யும். பெயின்ட் அதன் மேல் ஒட்டாது. போதாததற்கு, அந்தக் காலத்துக் கட்டில்களுக்குப் பளபளவென்று எனாமல் அடித்திருப்பார்கள். வழவழப்பான பழைய பெயின்டின் மேல் புதுப் பெயின்ட் பிடிக்க வேண்டுமானால் அதில் நுண்ணிய கீறல்கள் வேண்டும். 220 அல்லது 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்க மங்கும்வரை தேய்த்தால்தான் அந்தக் கீறல்கள் கிடைக்கும். உரிந்த ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. துரு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் காரணம் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். பிசுக்கு போயிற்றா என்று பார்க்கப் பட்டறையில் ஒரு வழி வைத்திருந்தோம். கழுவிய குழாயின் மேல் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார்ப்போம். தண்ணீர் அறுபடாமல் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். தாமரை இலையில் உருளுவது மாதிரி துளித்துளியாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி சோப்பு போட வேண்டும்.

கால்மாட்டில் சுருங்கிய இடம்தான் பலரும் ஏமாறும் இடம். காலையில் ஒரு கோட் அடித்தீர்கள், சாயங்காலம் பார்த்தபோது ஓரிடம் விட்டுப்போயிருந்தது, அங்கே மட்டும் இன்னொரு கோட் அடித்தீர்கள், பத்து நிமிஷத்தில் பழந்தோல் மாதிரி சுருங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லாவிட்டால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்து அடியுங்கள் என்று. இதைப் பலர் வெறும் எச்சரிக்கை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனாமல் வகைப் பெயின்ட் இரண்டு கட்டமாகக் காயும். முதலில் அதில் இருக்கும் தின்னர், அதாவது பெயின்டை இளக்கும் கரைப்பான், ஆவியாகப் போகும். அப்போது தொட்டால் கையில் ஒட்டாது, ஆனால் அது காய்ந்ததாக அர்த்தமில்லை. அப்புறம்தான் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறுகும். ஒரு மணி நேரத்துக்குள் அடித்தால் எல்லாமே இளசாக இருப்பதால் இரண்டு கோட்டும் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டு நாள் கழித்து அடித்தால் முழுவதும் இறுகியிருக்கும், புது தின்னர் ஒன்றும் செய்யாது. நடுவில் அடித்தால்தான் ஆபத்து. மேலே தோல் கட்டியிருக்கும், கீழே இளசாக இருக்கும். புதுக் கோட்டின் தின்னர் அந்தத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் அதை ஊதிப் பெருக்க வைக்கும். பெருத்த தோலுக்கு இடம் போதாமல் மடிந்து சுருங்கும்.

இதே சுருக்கம் இன்னொரு காரணத்தாலும் வரும். பழைய எனாமலின் மேல், தின்னர் பறந்ததுமே காய்ந்துவிடும் லாக்கர் வகைப் பெயின்ட் அடித்தாலும், அந்த லாக்கர் தின்னர் பெயின்ட் ரிமூவர் மாதிரியே வேலை செய்து பழையதைத் தூக்கிவிடும். நான் கன் பிடிக்க ஆரம்பித்த வருஷம், ஒரு ஆஸ்பத்திரியின் பழைய கட்டில்கள் பெயின்டுக்கு வந்தன. பிரஷ்ஷால் எனாமல் அடித்த கட்டில்கள் அவை. சோதித்துப் பார்க்காமல் நான் லாக்கர் அடித்தேன். முதல் கட்டிலை முடித்து இரண்டாவதுக்குப் போவதற்குள் முதலாவது முழுக்கத் திராட்சை வற்றல் மாதிரி ஆகிவிட்டது. அதை இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுக்க இரண்டு பேருக்கு ஒரு நாள் பிடித்தது. உங்கள் கால்மாட்டில் நடந்தது இரண்டில் எது என்று நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. சாயங்காலம் அடித்த இடம் மட்டும் சுருங்கி, காலையில் அடித்த மற்ற இடமெல்லாம் அன்றைக்கு ஒழுங்காக இருந்தது என்பதால் நேரக் கணக்குத் தவறியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, கால்களில் வந்த கொப்புளம். இதற்கு உங்கள் ஊர்தான் காரணம். கடற்காற்றில் வரும் உப்பு வீட்டில் இருக்கும் எல்லா இரும்பின் மேலும் படிகிறது. துருவின் பொந்துகளுக்குள் அது போய் உட்கார்ந்துவிட்டால், மேலே என்ன அடித்தாலும் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பெயின்டின் ஊடாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். பெயின்ட் படலம் தண்ணீர் புகாத தகடு ஒன்றும் இல்லை, மிக மெதுவாக ஈரத்தை விடத்தான் செய்யும். உள்ளே ஈரமும் உப்பும் சேர்ந்ததும் துரு மறுபடி கிளம்பும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வேகத்தில் பெயின்டைக் கீழிருந்து தள்ளும், நீங்கள் பார்ப்பது கொப்புளம். ஒரு கொப்புளத்தைக் கீறிப் பாருங்கள், உள்ளே செம்பழுப்புப் பொடி இருக்கும். பெயின்டின் தடிமனையும் யோசியுங்கள். கேனில் அடிக்கும் ஒரு கோட் காய்ந்தபின் ஏறத்தாழ 15 முதல் 25 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். பிரைமர் என்ற அடிக்கோட் இல்லாமல் முடியைவிட மெல்லிய ஒரு படலத்தைக் கடற்காற்றுக்கு எதிராக நிறுத்தியிருக்கிறீர்கள்.

வாளி விஷயம் சுருக்கமானது. அது ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய தகடு. எனாமல் பெயின்டில் எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. துத்தநாகத்தோடு சேர்ந்தால் அவை சோப்பு மாதிரி ஒரு பொருளாக மாறும். பெயின்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சோப்பு இருந்தால் கழன்று வராமல் என்ன செய்யும்? எவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தாலும் கொஞ்சம் தள்ளித்தான் போயிருக்கும், தப்பியிருக்காது. ஜி.ஐ. தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்கி, அதை அடித்த பிறகுதான் மற்றது. செடி வைக்கத்தான் வாளி என்றால் பெயின்ட் அடிக்காமலே விடுங்கள் என்பேன். துத்தநாகம் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, இனி கட்டிலை எப்படி மீட்பது என்று பார்ப்போம். பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாமல் எதையும் தொட வேண்டாம். நீங்கள் அடித்த கறுப்பு உரிந்துபோன ஓர் இடத்தில், கண்ணில் படாத பக்கமாக, பஞ்சில் என்.சி. தின்னர் (லாக்கருக்குக் கலப்பது) நனைத்து ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் ஏறினால் பழையது லாக்கர். கரையாமல் ஊதி, சுருங்கி, நகத்தால் தள்ளினால் கொழகொழவென்று வந்தால் சாதா எனாமல், அதன் மேல் லாக்கர் அடிக்கக் கூடாது. ஒன்றுமே ஆகவில்லையென்றால் அது பட்டறையில் சூளையில் சுட்ட பெயின்ட், நல்ல அடித்தளம், சுரண்டி எடுக்கவே தேவையில்லை, தேய்த்தால் போதும். உங்கள் கட்டிலின் வயசுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1986-ல் அடித்த பெயின்டில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை மாதிரி நிறங்களில், ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பர் வாங்கித் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூள் பறக்காது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். வேலை முடிந்ததும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும். இந்த வரிசை மாறினால் எண்ணெயை உப்புத்தாளே கீறலுக்குள் தேய்த்துவிடும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் நார், அப்புறம் நல்ல தண்ணீர் தாராளமாக. கடலோரத்தில் கடைசியாக ஊற்றும் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருக்கக் கூடாது. உங்கள் ஊர் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள், ஒரு குடம் வீணாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உரியும் பெயின்டைச் சுரண்டியால் எடுங்கள். உரியாமல் கெட்டியாகப் பிடித்திருப்பது இருக்கட்டும். துரு ஏறிய இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு 80 நம்பர் தாளில் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேயுங்கள். சுரண்டிய இடத்துக்கும் பழைய பெயின்டுக்கும் நடுவே ஒரு படி மாதிரி நிற்கும். அதை 120, 220 என்று போய்ச் சரிவாக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். விரல் எங்கே தட்டுகிறதோ அங்கே மேல் கோட் அடித்ததும் வரப்பு மாதிரி எடுத்துக் காட்டும். கண்ணைவிட விரல் இதில் கெட்டிக்காரன்.

குழிகளுக்குள் இருக்கும் துருவைத் தாளால் எட்ட முடியாது. அதற்குத்தான் ரஸ்ட் கன்வர்ட்டர், அதாவது துருவை வேறு பொருளாக மாற்றும் திரவம். சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் டானிக் அமிலம். டானிக் அமில வகையைத் தடவினால் செந்துரு கொஞ்ச நேரத்தில் கருநீலமாக மாறும். நம் ஊருக்கு இது புதிதில்லை. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது கலம்காரி வேலை செய்பவர்கள் துணிக்குக் கறுப்பு ஏற்றும் அதே சேர்க்கைதான். இந்தத் திரவங்கள் எவ்வளவு உதவும் என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மெல்லிய, இறுக்கமான துருவில் நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பொருக்குத் தட்டிய துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் மாறி, அடியில் உப்போடு பழைய துரு அப்படியே கிடக்கும். ஆகவே முடிந்த மட்டும் தேய்த்து எடுத்த பிறகு மிச்சத்துக்கு மட்டும் இது. பாஸ்பாரிக் வகையாக இருந்தால் அட்டையில் சொன்னபடி கழுவித் துடைத்துவிட வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் அதுவே பிரைமருக்கு அடியில் கொப்புளம் கட்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். புளியும் எலுமிச்சையும் தேய்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். துரு கொஞ்சம் கரையும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் ஊர்க் காற்றில் தேய்த்த இரும்பு ஒரே ராத்திரியில் மறுபடி சிவந்துவிடும். அதனால் அன்றைக்கு எவ்வளவு தேய்க்க முடியுமோ அவ்வளவுக்கு அன்றைக்கே பிரைமர். அதற்கு முன் வெள்ளை பனியன் வேஸ்ட் இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கடையிலேயே கிலோக் கணக்கில் கிடைக்கும். ஒன்றில் டர்பென்டைன் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் உலர்ந்த துண்டால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம்தான் மாறும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தால் தயார். பிரைமரை மட்டும் ஸ்ப்ரே செய்யாமல் பிரஷ்ஷால் அடியுங்கள் என்பது என் கருத்து. ஸ்ப்ரே குழியின் மேல் படிந்துவிட்டுப் போகும். பிரஷ் குழிக்குள் தள்ளித் தேய்க்கும், தடிமனும் கிடைக்கும். குழாய் வெட்டிய ஓரம், வெல்டிங் பட்ட இடம் ஆகியவற்றுக்கு முதலில் தனியாக ஒரு கை அடித்துவிட்டு, பிறகு மொத்தத்துக்கும் அடியுங்கள். பெயின்ட் ஈரமாக இருக்கும்போது கூரான ஓரத்திலிருந்து தானே விலகிப் போகும், துருவும் எப்போதும் ஓரத்தில்தான் முதலில் தொடங்கும். உள்ளூரில் எல்லோரும் ரெட் ஆக்சைடு என்ற செம்மண் நிறப் பிரைமரைத்தான் கொடுப்பார்கள். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு உள்நாட்டு ஊர்களில் அது போதும். கடலுக்கு அரை கிலோமீட்டரில் நான் இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பிரைமர்தான் அடிப்பேன், ஆனால் அதன் தின்னரும் பழைய எனாமலைத் தூக்கிவிடக் கூடும் என்பதால் முதலில் ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பேன். கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்துத் தீர்க்க வேண்டும், விலையும் கூட, ஆனால் உப்புக்கு அது நிற்பது மாதிரி ரெட் ஆக்சைடு நிற்காது. எபாக்ஸியின் மேல் கேன் பெயின்ட் அடித்தால் சுருங்கும் பயமும் இல்லை. அதன் டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மேல் கோட் அடித்துவிடுங்கள், தாமதமானால் 320 தாளால் லேசாக ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு அடியுங்கள்.

இப்போது கேன். வீட்டு இரும்புச் சாமானுக்காகவே பிறந்த பொருள் அது. 1949-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெயின்ட் வியாபாரம் செய்த எட்வர்ட் சீமோர், வீடுகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கான தன் அலுமினியப் பெயின்டை மக்களுக்கு அடித்துக் காட்ட முதல் கேனைச் செய்தார். கேனில் அடைக்கலாமே என்ற யோசனை அவர் மனைவியுடையது. கேனைத் தரக்குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் எவ்வளவு வாங்குவது என்பதில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 400 மில்லி கேன் ஒன்றில் இரண்டு மூன்று கோட்டாக அடித்தால் சமதளத்தில் 10 முதல் 15 சதுர அடி கிடைப்பதே பெரிது. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோவின் வெளிப்புறம் மட்டும், முதுகுப் பக்கத்தை விட்டுவிட்டாலும், சுமார் 43 சதுர அடி வரும். அதற்கே நான்கு கேன் வேண்டும். கதவு மாதிரி பெரிய தட்டையான பரப்பில் கேனின் சின்ன விசிறி வரி வரியாகத் தெரியும், அதனால் பீரோவை கன்காரரிடம் விடுங்கள். கட்டில் குழாய், மடக்கு நாற்காலி, ஸ்டூல், தையல் மிஷின் ஸ்டாண்ட் இவற்றுக்குக் கேன் தாராளம். குழாயில் அடிக்கும்போது பாதிக்கு மேல் காற்றில் போகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று ஆடத் தொடங்கிய பிறகு இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம், அதாவது 25 சென்டிமீட்டர். இதைவிடக் கிட்டே போனால் வடியும். தள்ளிப் போனால் பெயின்ட் வழியிலேயே காய்ந்து, தடவினால் நறநறவென்று இருக்கும். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டாதீர்கள், தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். குழாய்க்கு வெளியே பித்தானை அழுத்தி, குழாயைக் கடந்து வெளியே போய் விடுங்கள். குழாயின் நீளவாக்கில் அடியுங்கள், குறுக்கே அடித்தால் அத்தனையும் வீண். முதல் கோட் தூறல் போட்ட மாதிரி இருக்கட்டும், அடியில் இருக்கும் நிறம் மறைய வேண்டியதில்லை. எல்லோரும் முதல் கோட்டிலேயே மறைத்துவிடப் பார்க்கிறார்கள், அங்கேதான் வடிகிறது. பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு இரண்டாவது, அதே இடைவெளியில் மூன்றாவது. எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். விட்டுப்போன இடம் சாயங்காலம் கண்ணில் பட்டால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் காத்திருங்கள். முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் மூக்கு அடைக்காது.

தீபாவளிக்கு முன் பெயின்ட் அடிப்பது நம் வழக்கம்தான், ஆனால் நாகையில் அது வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். ஈரக் காற்றில் தின்னர் ஆவியாகும்போது உலோகம் குளிர்ந்து, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி பூக்கும். லாக்கராக இருந்தால் உடனே பால் ஊற்றிய மாதிரி வெளுத்துக் காட்டிக்கொடுக்கும், எனாமல் கமுக்கமாக மங்கிப் போகும், பிடிப்பும் குறையும். மாசி, பங்குனிதான் உங்களுக்கு நல்ல காலம். காலை ஒன்பது மணிக்குப் பனி உலர்ந்த பின் தொடங்கி, மதியம் கடற்காற்று ஏறுவதற்குள் முடியுங்கள். மொட்டை மாடி நேர் வெயிலில் வேண்டாம். கை வைக்க முடியாத அளவுக்குக் குழாய் சுட்டால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து, குண்டூசிக் குத்து மாதிரி ஓட்டை விழும். பந்தல் நிழலோ, காற்றோட்டமான தாழ்வாரமோ சரியான இடம்.

வீட்டுக்குள் மட்டும் அடிக்காதீர்கள். கேனில் பெயின்டைத் தள்ளுவது பெரும்பாலும் சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்த வாயு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்குப் போகும். அங்கே சாமி விளக்கு எரிந்தாலும், அடுப்பு எரிந்தாலும் போதும். துணி முகமூடியும் சர்ஜிகல் மாஸ்க்கும் தூளைக் கொஞ்சம் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. கரி கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வாங்குங்கள். எங்கள் காலத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தவர்களில் இன்றைக்கு மூச்சுக்குக் கஷ்டப்படுபவர்களை எனக்குத் தெரியும். கடையில் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பாலியூரித்தேன் பெயின்ட் இன்னும் பளபளக்கும் என்று தருவார்கள். அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது, வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் யாரும் அதை அடிக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வேண்டாம்.

பவுடர் கோட்டிங் கொடுத்துவிடலாமா என்றால், கட்டிலைக் கழற்ற முடியுமானால் அது நல்ல வழி. பொடியை மின்சாரத்தால் ஒட்ட வைத்து 180 முதல் 200 டிகிரி சூளையில் பத்து, இருபது நிமிஷம் சுடுவார்கள். கெட்டியான, தடிமனான படலம் கிடைக்கும். ஆனால் அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய பெயின்டையும் துருவையும் முழுக்க எடுத்து, தொட்டிகளில் முக்கிப் பாஸ்பேட் (பெயின்ட் பிடிக்க உதவும் ரசாயனப் படலம்) செய்கிறீர்களா? வெறுமனே துடைத்துப் பொடி போடும் கடையில் கொடுத்தால், ஒரு கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு உள்ளே ஊர்ந்து போய், ஒரு நாள் ஆமை ஓடு மாதிரி பெரிய துண்டாகப் பெயர்ந்து வரும். உங்கள் அளவு கடலருகில் எபாக்ஸியும் எனாமலும் எத்தனை வருஷம் தாங்கும், பவுடர் எத்தனை வருஷம் தாங்கும் என்று எண்ணிக்கை சொல்ல நான் தயாராக இல்லை. அடியில் செய்த வேலையைப் பொறுத்து இரண்டுமே பத்து வருஷம் நின்றும் பார்த்திருக்கிறேன், ஒரே வருஷத்தில் போயும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக அடுப்பு ஸ்டாண்டையும் கேட்டிருந்தீர்கள். அடுப்பைத் தாங்கும் மேஜை ஸ்டாண்டுக்குக் கட்டிலுக்குச் சொன்ன அதே வேலை போதும். பாத்திரம் உட்காரும் இரும்பு வளையத்துக்குச் சாதாரணப் பெயின்ட் கருகிப் புகையும். சிலிக்கோன் வகைச் சூடு தாங்கும் கேன் 600 டிகிரிவரை தாங்குவதாக வரும், அதையும் அடித்தபின் சொன்னபடி சூடாக்கினால்தான் இறுகும். சாப்பாடு படும் எதற்கும் எந்தக் கேனும் கூடாது.

கட்டிலில் மெத்தை போட ஒரு வாரம் பொறுங்கள், தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பி மறுநாளே போட்டால் மெத்தைத் துணியின் நெசவு அப்படியே பெயின்டில் பதியும். இத்தனையும் தொடங்குவதற்கு முன் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கால்களின் அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் குமிழ்களைக் கழற்றிப் பாருங்கள். வீடு கழுவும் தண்ணீர் நாற்பது வருஷமாக அதற்குள் தேங்கிக் குழாயை உள்ளிருந்து தின்றிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். முனை உள்ளே இறங்கினால், பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் அந்தக் காலை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போய் அடிப்பாகம் நாலு அங்குலம் வெட்டிப் புதுக் குழாய் வைத்துவிடுங்கள்.